மதர் நைட்: நாவலில் தொடங்குவதா, படத்தில் தொடங்குவதா?

கர்ட் வானகட் எழுதிய ‘மதர் நைட்’ நாவலைப் பற்றியும், அதைத் தழுவி 1996இல் கீத் கார்டன் இயக்கிய அதே பெயருடைய திரைப்படத்தைப் பற்றியும் பேச்சு வரும்போதெல்லாம் கேட்பவர்கள் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: எதை முதலில் எடுப்பது? இத்தகைய கேள்விக்கு ‘புத்தகம்தான்’ என்று யோசிக்காமலே விடை சொல்லிவிடுவது வாசகர்களின் வழக்கம். மூலத்தை விட்டு வெகுதூரம் விலகிய தழுவலாக இருந்தால் வரிசை ஒரு பொருட்டே இல்லை. ஒன்றை அறிந்திருப்பது மற்றதைக் கெடுக்காது. இந்தப் படமோ நிகழ்வுகளிலும் பாத்திரங்களிலும் உரையாடல்களிலும் நாவலை மிக நெருக்கமாகப் பின்தொடர்கிறது. ஆகவே எதை முதலில் எடுத்தாலும் அது மற்றதற்காக வைத்திருக்க வேண்டிய வியப்பைச் செலவழித்துவிடுகிறது. தழுவல் மூலத்துக்கு உண்மையாக இருப்பதாலேயே தேர்வு கடினமாகிறது.

இரண்டையும் அறியாதவர்களுக்காகக் கதையின் வாசல்வரை மட்டும் சொல்கிறேன். ஹோவர்ட் கேம்ப்பெல் அமெரிக்காவில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் பெர்லினுக்குக் குடிபெயர்ந்து, ஜெர்மன் மொழியில் நாடகங்கள் எழுதிப் பெயர் பெற்றவன். 1938இல் டியர்கார்டன் பூங்காவின் இருக்கை ஒன்றில் அமெரிக்க உளவு அதிகாரி ஒருவர் அவனைச் சந்தித்து உளவாளியாக அழைக்கிறார். அதன்பின் அவன் நாஜி வானொலியில் யூத வெறுப்பைக் கொட்டும் பேச்சாளனாகிறான். அந்த உரைகளின் இருமல்களிலும் இடைநிறுத்தங்களிலும் சொல் அழுத்தங்களிலும் அமெரிக்காவுக்கான ரகசியச் செய்திகள் போகின்றன. அவை என்ன செய்திகள் என்பது அவனுக்கே தெரியாது. போருக்குப் பின் நியூயார்க்கின் கிரெனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு மாடியறையில் 15 ஆண்டுகள் முடங்கிக் கிடந்துவிட்டு, கடைசியில் இஸ்ரேலியச் சிறையில் போர்க்குற்ற விசாரணைக்குக் காத்திருந்தபடி தன் வாக்குமூலத்தை எழுதுகிறான். நடுவில் ஒரு பெரிய திருப்பமும் இறுதியில் ஒரு முடிவும் இருக்கின்றன. இரண்டையும் இங்கே வெளியிடவில்லை.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் அங்கதம், அதாவது எள்ளலாகப் பழிப்பது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரித்து, வெளிப்படையாகச் சொல்லப்படுவதை வசை என்றும் மறைத்துச் சொல்லப்படுவதைப் பழிகரப்பு என்றும் அழைக்கிறது. ‘மதர் நைட்’ பழிகரப்பு வகையைச் சேர்ந்தது. சொல்பவன் அமைதியான குரலில், குற்றமும் நியாயமும் ஒரே எடையுள்ளவை போலச் சொல்லிக்கொண்டு போக, பழி வாசிப்பவரின் மனத்தில்தான் எழுந்து நிற்கிறது. அந்தக் கரவு எந்த வடிவத்தில் குலையாமல் இருக்கிறது என்பதே எனக்கு முதன்மையான கேள்வி.

இரண்டாவது, கதையின் உளவு வேலை ஓசையால் நடப்பதால், அந்த ஓசை எந்த வடிவத்தில் நன்றாகக் கேட்கிறது என்பது. மூன்றாவது, திருப்பம் எந்த வடிவத்தில் வலுவாக விழுகிறது என்பது. இவற்றுக்குப் பிறகுதான் நேரம், ஆங்கிலத்தின் கடினம், வரலாற்றுப் பின்னணி, மனச்சுமை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளலாம். படம் நாவலுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை ஓர் அளவுகோலாக நான் சேர்க்கவில்லை; அது ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம், அதைக் கொண்டு யாரும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

## நாவல்

அங்கதத்தில் நாவலுக்கு நிகரில்லை. 45 சிறு அத்தியாயங்கள். சில இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நாடகக் காட்சியைப் போலத் தொடங்கி, கடைசி வரியில் தரையைக் காலடியிலிருந்து உருவிக்கொள்கிறது. தொடக்கத்திலேயே ‘பதிப்பாசிரியர் குறிப்பு’ ஒன்று வருகிறது. அதில் வானகட், தாம் கேம்ப்பெலின் கைப்பிரதியைச் செப்பம் செய்தவர் மட்டுமே என்று நடிப்பதோடு, இதை எழுதியவன் நாடகாசிரியன், கலை அழகுக்காகப் பொய் சொல்லக்கூடியவன் என்றும் எச்சரிக்கிறார். பாசாங்கைப் பற்றிய நாவல் ஒரு பாசாங்கோடு தொடங்குகிறது. பலர் இதை முன்னுரை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது, அதுவும் கதைதான்.

நாவலின் சிரிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். சிறைக் காவலர்களில் ஒருவர், ஆஷ்விட்ஸ் முகாமின் தலைவனாக இருந்த ருடால்ஃப் ஹோஸைத் தூக்கிலிட்டபோது அவன் கணுக்கால்களை வாரால் கட்டியவர். அதே நாளில், பூட்டு உடைந்த தம் பெட்டியையும் ஒரு வாரால் இறுக்கிக் கட்டினாராம். இரண்டு வேலையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன என்கிறார். அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்துவிடுகிறது. இன்னோரிடத்தில், வார்சா யூதக் குடியிருப்பின் கிளர்ச்சியை ஒடுக்குகையில் இறந்த ஜெர்மன் சிப்பாய்களைப் போற்றும் நிகழ்ச்சி ஒன்றை எழுதும் கேம்ப்பெல், அதன் தலைப்பை ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையிலிருந்து எடுக்கிறான். நாஜிப் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ் அந்த உரையைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார். பிறகு ஹிட்லரிடமிருந்து, அதன் சில பகுதிகள் தமக்குக் கண்ணீரை வரவழைக்கும்போல் இருந்தன என்று ஒரு குறிப்பு வருகிறது. மக்களாட்சியின் புனித உரை கொலைகாரர்களின் நெஞ்சையும் உருக்குகிறது. நாவல் இதைச் சொல்லிவிட்டு ஒரு விளக்கமும் தராமல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. இத்தகைய கிளைக்கதைகளே அங்கதத்தின் உயிர். நேர்க்கதையை மட்டும் எடுத்துப் பார்த்தால் இது ஒரு துன்பியல் கதை.

நாவலின் மறைமுகச் செலவுகள் பக்க எண்ணிக்கையில் இல்லை. 200 பக்கங்களை ஒட்டிய சிறிய நூல் இது, சொற்றொடர்கள் குறுகியவை, ஆங்கிலம் ஓரளவு பழகியவர் அகராதி இல்லாமலே படித்துவிடலாம். பின்னணிதான் கொஞ்சம் விலை கேட்கும். யூத இனப்படுகொலையை ஒழுங்கமைத்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் 1960இல் பிடிபட்டு, 1961இல் ஜெருசலேமில் அவர்மீது விசாரணை நடந்த நாள்களின் காற்றில் எழுதப்பட்ட நூல் இது. ஐக்மனே ஒரு பாத்திரமாக வந்து போகிறார். ஜெர்மன் வானொலியில் எதிரிக்காகப் பேசிய வில்லியம் ஜாய்ஸ் என்பவரை 1946 ஜனவரியில் பிரிட்டன் தூக்கிலிட்டது என்பதும், அதேபோல் பேசிய அமெரிக்கர்கள் தேசத்துரோக வழக்குகளைச் சந்தித்தார்கள் என்பதும் தெரிந்திருந்தால், கேம்ப்பெலின் அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பது புரியும்.

இரண்டாவது செலவு கையில் கிடைக்கும் பதிப்பில் ஒளிந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் மலிவான தாளட்டைப் பதிப்பாக நாவல் முதலில் வந்தபோது இல்லாத ஒரு முன்னுரையை வானகட் 1966 பதிப்புக்கு எழுதினார். இன்று கிடைக்கும் பதிப்புகளில் அது முன்னால் நிற்கிறது. தம் கதையின் நீதி இதுதான் என்று முதல் பக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. தொல்காப்பியர் கணக்கில் சொன்னால், பழிகரப்பாக எழுதியதை ஆசிரியரே செம்பொருளாக்கிவிட்டார். அந்த நீதி வாக்கியம் உலகம் முழுவதும் மேற்கோளாகப் பரவிவிட்டது. நானும் சேர்ந்து அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆயினும் அந்த முன்னுரை அருமையான ஒன்று. போர்க்கைதியாக டிரெஸ்டன் நகரில் 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சிலிருந்து தப்பியதை அதில் சொல்கிறார். ஜெர்மனியில் பிறந்திருந்தால் தாமும் நாஜியாகியிருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறார். நாவலை முடித்த பிறகு படித்தால் அதன் எடையே வேறு.

## திரைப்படம்

ஓசையில் படம் வெல்கிறது. வென்றே தீர வேண்டும். இருமலும் இடைநிறுத்தமுமாக அமைந்த ஒரு சங்கேத மொழியைத் தாளில் ‘இங்கே அவன் இருமினான்’ என்று எழுதித்தான் காட்ட முடியும். கேம்ப்பெலாக நடிக்கும் நிக் நோல்ட்டியின் கரகரத்த குரலில் அந்த உரைகளைக் கேட்கும்போது, ரகசியத்தைச் சுமக்கும் ஒவ்வோர் இடைநிறுத்தமும் வெறுப்புரையை இன்னும் வலிமையாக்குவதைக் காது உணர்ந்துவிடுகிறது. நல்ல பேச்சாளன் எங்கே நிறுத்துவானோ அங்கேதான் உளவாளியும் நிறுத்துகிறான். நாவல் நமக்கு அறிவால் உணர்த்துவது, படத்தில் முதுகுத்தண்டில் இறங்குகிறது.

பெர்லினின் கடைசி நாள்களில் மாமனார் அவனிடம் பேசும் காட்சி இதனாலேயே திரையில் கனக்கிறது. பெர்லின் காவல்துறைத் தலைவராக இருந்த அந்த மனிதர், நீ ஒற்றனாக இருந்தாலும் இனிக் கவலையில்லை, நான் வெட்கமின்றி நாஜியாக இருக்க உதவிய கருத்துகள் ஹிட்லரிடமிருந்தோ கோயபல்ஸிடமிருந்தோ வந்தவை அல்ல, உன்னிடமிருந்து வந்தவை என்னும் பொருளில் சொல்கிறார். கேம்ப்பெலின் கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களும் அந்த ஒரு பேச்சில் நேராகிவிடுகின்றன. வாசிக்கும்போது நாம் வாக்கியத்தை வியக்கிறோம். திரையிலோ, அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் மனிதனைப் பார்க்கிறோம்.

நடிகர்களைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. மனைவி ஹெல்காவாக ஷெரில் லீ, அவளுடைய தங்கையின் சிறுமிப் பருவத்தில் கிர்ஸ்டன் டன்ஸ்ட், உளவு அதிகாரியாக ஜான் குட்மன், சதுரங்கம் ஆடும் ஓவிய நண்பராக ஆலன் ஆர்க்கின். சிறைக் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் அமைந்திருப்பதால் காலத் தாவல்கள் குழப்பமின்றிப் புரிகின்றன. எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் இசை, பின்பகுதியில் ஒரு வழிபாட்டிடத்தின் அமைதியைக் கொண்டுவந்துவிடுகிறது.

அந்த அமைதிதான் படத்தின் மறைமுகச் செலவும். திரைக்கதையை எழுதிய ராபர்ட் வைடி பிற்காலத்தில் தொலைக்காட்சி நகைச்சுவையில் பெயர் பெற்றவர். வானகட்டைப் பற்றி 2021இல் ஓர் ஆவணப்படமும் வெளியிட்டவர். நாவலின் சிரிப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. இருந்தும், கதையை முழுதாகக் காப்பாற்றிய படம் சிரிப்பில் பாதியைத்தான் காப்பாற்றியிருக்கிறது. யாரையும் இதற்காகக் குறை சொல்ல முடியாது. கறுப்பு நகைச்சுவை வாக்கியத்துக்கும் அடுத்த அத்தியாயத்துக்கும் இடையே உள்ள வெள்ளைத் தாளில் வாழ்வது. கேமராவுக்கு அந்த வெற்றிடம் கிடையாது, அங்கே ஒரு முகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது, முகம் வந்தவுடன் இரக்கம் வருகிறது. கேம்ப்பெலைப் பார்த்து நாவலில் நாம் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு கலங்குகிறோம். படத்தில் தொடக்கத்திலிருந்தே கலங்கத் தொடங்கிவிடுகிறோம்.

இன்னொரு செலவையும் மறைக்கக் கூடாது. யூத வெறுப்பும் நிறவெறியும் கலந்த பேச்சுகள் உரக்கவே ஒலிக்கின்றன. பக்கத்தில் அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம், திரையில் முடியாது. பள்ளி மாணவர்களோடு குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதற்குரிய படம் இதல்ல.

## நாவலுக்குப் பின் படம்

இந்த வரிசையில் திருப்பம் நாவலுக்கே கிடைக்கிறது. வாசகருக்கு யார் முகமும் தெரியாது. கேம்ப்பெல் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. கேம்ப்பெலோ, பதிப்பாசிரியர் குறிப்பே எச்சரித்தபடி, முழுக்க நம்பத் தகுந்தவன் அல்லன். இந்த இரட்டை ஏமாற்று எழுத்தில் மட்டுமே சாத்தியம். பிறகு படத்தைப் பார்க்கும்போது திருப்பம் போய்விட்டாலும், முன்கூட்டி அறிந்தவருக்கு மட்டுமே புலப்படும் சிறு அசைவுகள் நடிப்பில் தெரிகின்றன. இழப்பைவிட வரவு அதிகம்.

ஆபத்து ஒன்றுதான்: புத்தகத்தை மூடிய அதே வாரத்தில் படத்தைப் போட்டால், ஒவ்வொரு காட்சியிலும் விடுபட்ட வாக்கியத்தைத் தேடும் திருத்துநராக நாம் மாறிவிடுகிறோம். காவலர்களுக்கு நாவலில் கிடைத்த இடம் இங்கே கிடைக்கவில்லையே, அந்த நகைச்சுவை எங்கே போயிற்று என்று மனம் பட்டியல் போடும். குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விடுவது நல்லது. சொற்கள் மறந்து சம்பவங்கள் மட்டும் நினைவில் நிற்கும் வேளையே படத்துக்கு ஏற்றது.

## படத்துக்குப் பின் நாவல்

இதற்கும் நியாயமான ஆள்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் பெயர்களும் ஊர்களும் பழக்கமில்லாதவர், ஆங்கில நாவல்களைத் தொடங்கிப் பாதியில் விடுபவர், வாசிப்புக் கூட்டத்துக்குக் குறுகிய காலத்தில் தயாராக வேண்டியவர் ஆகியோருக்குப் படம் ஒரு வரைபடத்தைத் தந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம் முடிந்தபின், காலம் முன்னும் பின்னும் தாவும் நாவல் அவர்களை அலைக்கழிக்காது.

விலை என்னவென்றால், நோல்ட்டியின் குரல் பிறகு பக்கங்களை விட்டுப் போகாது. அது களைத்த, மனம் உடைந்த ஒரு மனிதனின் குரல். நாவலின் கேம்ப்பெலுக்கு அதைவிட வழுக்கலான, தன் சாமர்த்தியத்தைத் தானே ரசிக்கும் ஒரு குரலும் உண்டு. படத்தில் தொடங்கியவர்கள் பலரும் நாவலையும் ஒரு சோகக் கதையாகவே படித்து முடிக்கிறார்கள். இது சிரிக்க வேண்டிய இடம் என்று சொன்னால் வியக்கிறார்கள். கரந்திருந்த பழி வெளிப்பட்டுவிட்ட பிறகு அதை மீண்டும் கரக்க முடிவதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாவல் | திரைப்படம் |
|---|---|---|
| அங்கதம் | முழுமையாக. பதிப்பாசிரியர் பாசாங்கும் கிளைக்கதைகளும் உட்பட | குறைவு. துயரமே மேலோங்குகிறது |
| வானொலி உரைகள் | விவரிப்பாக வருகின்றன | காதில் நேரடியாக விழுகின்றன |
| நடுத் திருப்பம் | சொல்பவனை நம்புவதால் வலுவானது | நடிகர் தேர்வால் காக்கப்படுகிறது |
| நேரம் | மூன்று நான்கு மாலைப் பொழுதுகள் | ஒரே மாலை |
| முன்னறிவு | ஐக்மன் விசாரணை, நாஜி ஆட்சி பற்றி ஓரளவு தேவை | குறைவாகவே தேவை |
| மறைந்திருக்கும் செலவு | 1966 முன்னுரை நீதியை முந்திச் சொல்லிவிடும் | நோல்ட்டியின் குரல் நாவலின் குரலை மூடிவிடும் |

## யாருக்கு எது

ஒன்றை மட்டுமே எடுக்க முடியும் என்பவர், எழுத்தின் தந்திரங்களில் ஆர்வம் உள்ளவராக இருந்தால் நாவலையும், நடிப்பில் ஆர்வம் உள்ளவராக இருந்தால் படத்தையும் எடுக்கலாம். படத்தை மட்டும் பார்த்தவர் கதையை அறிந்திருப்பார், நாவலை அறிந்திருக்க மாட்டார். அதை அவர் ஒப்புக்கொண்டால் போதும். வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ நாவலை ஏற்கெனவே படித்தவர்கள் தயங்காமல் ‘மதர் நைட்’ நாவலுக்கே போகலாம். 1969இல் வந்த அந்த நாவலில் கேம்ப்பெல் ஒரு காட்சியில் வந்து, அமெரிக்கக் கைதிகளைத் தன் படைக்கு ஆள்சேர்க்கப் பார்க்கிறான். அங்கே ஒரு கோமாளியாகத் தெரிந்தவனின் உட்புறத்தை இங்கே முழுநீளத்தில் காண்பது வேறெந்த வாசகருக்கும் கிடைக்காத வாய்ப்பு.

இரண்டுக்கும் நேரம் உள்ளவருக்கு என் பரிந்துரை: பதிப்பாசிரியர் குறிப்பில் தொடங்கி நாவல், அதன்பின் 1966 முன்னுரை, ஒரு மாத இடைவெளி, பிறகு படம். இந்த வரிசைக்கு இன்னொரு சிறிய காரணமும் உண்டு. நியூயார்க் தெருவில் கேம்ப்பெல் நடந்துகொண்டிருக்கும்போது, இனி எந்தத் திசையில் நகரவும் காரணம் எதுவும் இல்லாமல் போய், நடைபாதையில் அப்படியே உறைந்து நின்றுவிடும் காட்சி ஒன்று வருகிறது. அவனைக் கடந்துபோகும் கூட்டத்தில் சுருண்ட முடியும் தொங்கு மீசையுமாக ஒரு முதியவரும் தென்படுவார். நடிகர் பட்டியலில் அவருடைய பாத்திரம் ‘தெருவில் ஒரு சோகமான மனிதர்’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. நாவலின் பின்னட்டையில் உள்ள ஆசிரியர் படத்தை ஒரு மாதம் மேசைமேல் வைத்திருந்தவர்கள் அவரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.